கீமோ வார்டில் கட்டிலோரக் குடல் ஸ்கேன்: எங்கே கைகொடுக்கும், எங்கே ஏமாற்றும்

ரத்தப்புற்றுக்குக் கீமோ எடுப்பவருக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தால் வார்டில் வழக்கமாக நடப்பது இதுதான். 'வயிறு ஸ்கேன்' என்று சீட்டு எழுதுவார்கள். நோயாளியை வீல்சேரில் ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். மாலையில் ரிப்போர்ட் வரும்: கல்லீரல் சரி, பித்தப்பை சரி, சிறுநீரகங்கள் சரி, 'குடல் வாயு காரணமாக மற்ற பகுதிகள் தெளிவாக இல்லை'. எல்லாம் நார்மல் என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். ஆனால் அந்த ஸ்கேனில் குடலை யாரும் பார்க்கவே இல்லை.

இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டது வேறொரு சேவை. மெஷின் கட்டிலுக்கே வருகிறது. வருபவர் குடலைப் பார்க்கத்தான் வருகிறார். சுவரின் தடிமனை மில்லிமீட்டரில் அளந்து எழுதி வைக்கிறார். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வந்து அதே இடத்தைத் திரும்ப அளக்கிறார். ஒழுங்காக நடந்தால், லுகேமியா (ரத்தப்புற்று) வார்டுக்கு இதைவிடப் பயனுள்ள பரிசோதனை சேவை குறைவு என்பது எங்கள் உறுதியான கருத்து. அரைகுறையாக நடந்தால் தவறான நிம்மதியைக் கொடுத்துவிடும், அது செய்யாமல் விடுவதைவிடக் கெடுதல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மெஷினின் விலையில் இல்லை. எப்போது கூப்பிடுகிறார்கள், எந்த புரோபை (உடம்பில் வைத்துப் பார்க்கும் முனையை) எடுக்கிறார்கள், என்ன எழுதி வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

எதைத் தேடுகிறோம்

முதல் எதிரி நியூட்ரோபீனிக் என்டெரோகோலைட்டிஸ், அதாவது வெள்ளணு குறைந்த நாட்களில் வரும் குடல் அழற்சி. பழைய பெயர் டிஃப்லைட்டிஸ். கிரேக்க மொழியில் 'டிஃப்லோஸ்' என்றால் குருடு. நாமும் பெருங்குடல் தொடங்கும் அந்தப் பையைக் குருட்டுக்குடல் என்றுதான் சொல்கிறோம். சைட்டராபின், டாவ்னோரூபிசின், ஐடாரூபிசின் போன்ற கீமோ மருந்துகள் புற்று அணுக்களோடு சேர்த்துக் குடலின் உள்தோலையும் உரித்துவிடும். அதே நாட்களில் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபிலின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே போய்விடும். தோல் உரிந்த குடலில் வழக்கமாகக் குடியிருக்கும் கிருமிகள் சுவருக்குள் நுழைகின்றன, தடுக்க ஆள் இல்லை. சுவர் நீர் கோத்து வீங்குகிறது, உள்ளே ரத்தம் கசிகிறது, முற்றினால் திசு அழுகி ஓட்டை விழுகிறது. குருட்டுக்குடல் மற்றப் பகுதிகளைவிட அதிகம் உப்புவது, அதன் ரத்த ஓட்டம் ஒப்பளவில் குறைவு. அதனால் முதல் அடி பெரும்பாலும் அங்கேதான் விழும். அங்கிருந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும், ஏறுகுடலுக்கும் பரவும்.

7 நாள் சைட்டராபின், 3 நாள் டாவ்னோரூபிசின் என்கிற வழக்கமான முறையில் இது பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் தலைகாட்டும். பாடப்புத்தகத்தில் காய்ச்சல், வயிற்று வலி, வயிற்றுப்போக்கு என மூன்று அறிகுறிகளைச் சேர்த்துச் சொல்வார்கள். மூன்றும் சேர்ந்து வரும்வரை காத்திருப்பதுதான் இந்தச் சேவையை வீணாக்கும் முதல் தவறு. வயிற்றைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்வதும் இங்கே நம்பகமில்லை. சீழ் பிடிக்கவும் வெள்ளணு வேண்டும். அது இல்லாதபோது வயிறு கல்போல் இறுகாது, வலியும் மந்தமாகவே இருக்கும். தீவிர லிம்ஃபாய்டு லுகேமியாவில் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசலோனோ சேர்ந்து ஓடும்போது காய்ச்சல்கூட அமுங்கிவிடும். குடல் கெட்டிருக்கும், ஆள் 'கொஞ்சம் உப்புசமா இருக்கு' என்று மட்டும் சொல்வார். அந்த ஒரு வார்த்தை போதும், ஸ்கேனுக்குக் கூப்பிட வேண்டும். நியூட்ரோபில் 500-க்குக் கீழே இருக்கும் நாட்களில் வலி, காய்ச்சல், போக்கு, உப்புசம் இவற்றில் ஏதேனும் ஒன்று வந்தாலே 12 மணி நேரத்துக்குள் ஸ்கேன் என்று வார்டில் விதி இருந்தால், அந்தச் சேவைக்கு எங்களிடம் முழு மதிப்பெண்.

மெஷின்: எதற்காகப் பணம் செலவழிக்க வேண்டும்

குடல் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்குள் ஐந்து அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வயிறு ஸ்கேனுக்குப் பழக்கமான வளைந்த புரோப் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். கல்லீரலைப் பார்க்க அது அருமை, அடுக்கு பிரிக்க ஆகாது. குடலுக்கு லீனியர் (நேரான முகப்புள்ள) புரோப் வேண்டும்: 7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ். கழுத்து ரத்தக்குழாயில் லைன் போட வார்டில் வைத்திருப்பார்களே, அதே வகைதான். ஆகவே பல வார்டுகளில் தேவையான புரோப் ஏற்கெனவே இருக்கிறது, வேறு வேலைக்காக அலமாரியில் கிடக்கிறது.

தள்ளுவண்டி மெஷின், லேப்டாப் போன்ற மெஷின், கையடக்க மெஷின் மூன்றிலும் இந்த வேலையைச் செய்யலாம். கையடக்க வகையில் பிலிப்ஸின் லூமிஃபை வரிசையில் 4 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் லீனியர் புரோப் தனியாகவே கிடைக்கிறது. ஜி.இ.யின் விஸ்கேன் ஏர் மெஷினில் ஒரு முனை வளைந்தது, மறு முனை லீனியர், வயர் கிடையாது. ஒரே சிப்பில் எல்லா ஆழத்தையும் பார்க்கும் வகைகளும் உண்டு. வயிற்றில் நீர் இருக்கிறதா, குடல் உப்பியிருக்கிறதா என்று பார்க்க இவை எல்லாமே போதும். ஆனால் 4 மி.மீ.க்கும் 5 மி.மீ.க்கும் வித்தியாசம் சொல்ல வேண்டிய இடத்தில் தனி லீனியர் புரோபின் படம்தான் நம்பிக்கை தருகிறது. கையடக்க மெஷின்களுக்குப் பொதுவான ஒரு சிக்கல் சூடு. தொடர்ந்து ஓட்டினால் புரோப் வெப்பமேறி, படத்தின் தரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும். குடல் ஸ்கேனுக்கு 15 நிமிடம் பிடிக்கும், ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளரும் ஓட வேண்டும். வாங்கும் முன் 15 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

தள்ளுவண்டி மெஷினின் பலம் படம், பலவீனம் இடம். தனிமை அறையில் கட்டில், மருந்துப் பம்புகள், ஆக்சிஜன் எல்லாம் இருக்கும்போது அது உள்ளே நுழைவதே பாடு. அதை வேறு வார்டுகளோடு பகிர்ந்தால் சுத்தம் செய்வதும் இரட்டிப்பு வேலை. எங்கள் தேர்வு: லீனியர், வளைந்தது என இரண்டு புரோப் உள்ள லேப்டாப் வகை மெஷின், கீமோ வார்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

அளக்கிற கணம்

நோயாளி மல்லாந்து படுத்தால் போதும். வெறும் வயிறு கட்டாயமில்லை, பித்தப்பையையும் பார்ப்பதென்றால் 6 மணி நேரப் பட்டினி நல்லது, ஆனால் அதற்காக ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் வளைந்த புரோபால் முழு வயிற்றையும் ஒரு சுற்று: கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவில் நீர் இருக்கிறதா, அடிவயிற்றில் நீர் இருக்கிறதா, சிறுகுடல் எங்காவது 2.5 செ.மீ.க்கு மேல் உப்பியிருக்கிறதா. பிறகு லீனியர் புரோபுக்கு மாற வேண்டும்.

வலது விலாவுக்குக் கீழே, பக்கவாட்டில் ஒதுங்கி, பின்பக்கமாக ஏறுகுடல் கிடக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் இடுப்பெலும்பின் குழியில் குருட்டுக்குடல். அங்கிருந்து உள்பக்கமாக, முதுகெலும்பை ஒட்டிய சோயாஸ் தசைக்கும் இடுப்பு ரத்தக்குழாய்களுக்கும் மேலே குறுக்காகச் செல்வது சிறுகுடலின் கடைசிப் பகுதி. இந்த வழியை ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் நடக்க வேண்டும். பிறகு குறுக்குகுடல், இறங்குகுடல், மலக்குடலுக்கு முன்னால் வளையும் சிக்மாய்டு. 'வலது பக்கம்தானே நோய்' என்று இடது பக்கத்தை விட்டுவிட்டால் பின்னால் சொல்லப்போகும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியை விட்டுவிடுவோம்.

புரோபை மெதுவாக அமுக்க வேண்டும். குடல்வால் அழற்சிக்காக 1986-இல் புய்லர்ட் எழுதிய படிப்படியான அமுக்கல் முறைதான் இது. மூச்சை வெளியே விடும்போது கொஞ்சம், அடுத்த மூச்சில் இன்னும் கொஞ்சம். நல்ல குடல் அமுங்கும், வாயு நகரும், வழிவிடும். நோயுற்ற குடல் அமுங்காமல் அப்படியே நிற்கும். பிளேட்லெட் குறைந்தவர், குடல் சுவர் மெலிந்து போயிருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது: வலி எழும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும், அழுத்தி அழுத்திச் சோதிக்கக் கூடாது. எந்த இடத்தில் புரோப் பட்டதும் முகம் சுளித்தார் என்பதே ஒரு தகவல், அதையும் எழுதுங்கள்.

இனி திரையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். குடலின் முன்சுவர் ஐந்து கோடுகளாகத் தெரியும்: உள்ளிருந்து வெளியே வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை. முதல் வெள்ளை, உள்ளே இருப்பதும் தோலும் தொடும் இடம். அடுத்த கருப்பு உள்தோல். நடுவில் உள்ள வெள்ளை சப்மியூக்கோசா, உள்தோலுக்கு அடியில் உள்ள அடுக்கு. அதற்கடுத்த கருப்பு தசை. கடைசி வெள்ளை வெளி உறை. அளவுகோலின் ஒரு முனையை முதல் வெள்ளைக் கோட்டில் வைக்க வேண்டும், மறு முனையை தசையின் வெளி விளிம்பில். புரோப் சுவருக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்த்து வெட்டினால் 3 மி.மீ. சுவர் 5 மி.மீ. ஆகத் தெரியும். வெட்டிய வாழைத்தண்டை நேராகப் பார்ப்பதற்கும் சாய்வாக வெட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அதிகம் நடக்கிற தவறு இன்னொன்று. காலியான குடல் ஒட்டிக் கிடக்கும், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, மேலேயும் கீழேயும் இரு சுவர்கள். அவசரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அளந்து 'சுவர் 7 மி.மீ.' என்று எழுதிவிடுவார்கள். அது இரண்டு சுவர், பாதிதான் கணக்கு. குடல் சுருங்கும்போதும் சுவர் தடித்துத் தெரியும். ஒரு நிமிடம் அதே இடத்தில் பொறுமையாகக் காத்திருந்தால், சுருக்கம் கடந்து போய் சுவர் இளகும். பெருங்குடலின் மடிப்பை அளவில் சேர்ப்பதும் அதே வகைப் பிழை. மூன்று இடத்தில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்து, பெரிய எண்ணையும் அது எந்த இடம் என்பதையும் குறியுங்கள்.

பட அமைப்பில் இரண்டு விஷயம். கெயின் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் அமைப்பு) அதிகமானால் வெள்ளை பரவி அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஃபோகஸ் முன்சுவரின் ஆழத்தில் இருக்கட்டும். ஆழம் பெரியவர்களுக்கு 4 முதல் 6 செ.மீ. போதும். 'வயிறு' என்ற முன்னமைப்பில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து மென்மையாக்கும் வசதி தூக்கலாக இருக்கும். அதைக் குறைத்தால்தான் குடல் நெளிவது கண்ணுக்குத் தெரியும்.

எண்கள் என்ன சொல்கின்றன

பெரியவர்களில் பெருங்குடல் சுவர் 4 மி.மீ.க்கு மேல், அதுவும் 3 செ.மீ.க்கு மேற்பட்ட நீளத்துக்குத் தடித்திருந்து, காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்தால் நியூட்ரோபீனிக் என்டெரோகோலைட்டிஸ் என்று பெரும்பாலான குழுக்கள் எடுத்துக்கொள்கின்றன. குழந்தைகளுக்குப் பலர் 3 மி.மீ. என்ற எல்லையைப் பயன்படுத்துகிறார்கள். அது சரியான எச்சரிக்கை என்றே நினைக்கிறோம்.

இந்த எண்ணுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்டால், 2001-இல் ரோமிலிருந்து கார்ட்டோனி குழு வெளியிட்ட ஆய்வைத்தான் காட்ட வேண்டும். என்டெரோகோலைட்டிஸ் அறிகுறிகள் இருந்த 88 லுகேமியா நோயாளிகளில் 44 பேருக்கு அல்ட்ராசவுண்டில் குடல் சுவர் தடித்திருந்தது. அந்த 44 பேரில் இறந்தோர் 29.5 சதவீதம். அதே அறிகுறிகள் இருந்தும் சுவர் தடிக்காதவர்களில் யாரும் இறக்கவில்லை. தடித்தவர்களிலும் 10 மி.மீ.க்கு மேல் போனவர்களில் 60 சதவீதம் பேர் இறந்தார்கள், 10 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களில் 4.2 சதவீதம். கால் நூற்றாண்டு பழைய கணக்கு, மருந்துகளும் கவனிப்பும் அதன் பிறகு மாறியிருக்கின்றன. ஆனால் 10 மி.மீ. என்ற கோடு இன்றைக்கும் அறுவை மருத்துவரையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் அழைக்க வேண்டிய கோடுதான். 5 மி.மீ.யில் கண்டுபிடிப்பதற்கும் 11 மி.மீ.யில் கண்டுபிடிப்பதற்கும் நடுவில் இருப்பது பல நேரங்களில் இரண்டொரு நாள் தாமதம் மட்டுமே. முன்கூட்டியே கூப்பிடச் சொல்வது இதற்காகத்தான்.

தடிமன் மட்டும் பார்த்தால் போதாது. நடுவில் உள்ள வெள்ளை அடுக்கு பஞ்சுபோல் அகலமாகியிருந்தால் நீர் கோத்திருக்கிறது. அடுக்குகளே அழிந்து சுவர் முழுக்கக் கருத்துப் போனால் நிலைமை மோசம். டாப்ளரை மெதுவான ஓட்டத்துக்கு ஏற்ப, நொடிக்கு 5 முதல் 7 செ.மீ. அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். தடித்த சுவரில் நிறம் நிறைய இருந்தால் அழற்சி. தடித்த சுவரில் நிறமே இல்லையென்றால் ரத்தம் போகவில்லையோ என்று பயப்பட வேண்டும், உடனே சி.டி. தேவை. வேகஅளவை 20 செ.மீ.யில் விட்டுவிட்டு 'ஓட்டம் இல்லை' என்று எழுதும் ரிப்போர்ட்டுகள் உண்டு. அதனால் டாப்ளர் அளவும் படத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

வாயு விஷயத்தில் கண் கூர்மையாக இருக்க வேண்டும். குடலுக்குள் இருக்கும் வாயு மேலே மிதக்கும், புரோபை அமுக்கினாலோ ஆளைத் திருப்பினாலோ நகரும். சுவருக்குள் புகுந்த வாயு நகராது. கீழ்ப்பக்கச் சுவரிலும் வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டிக்கொண்டு, கீழே அழுக்கான நிழல் விழுத்தும். கல்லீரலின் ஓரம்வரை, குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் போர்ட்டல் ரத்தக்குழாயில் ஓடும் வெள்ளைத் துகள்கள் தெரிந்தால் வாயு ரத்தத்துக்குள் போய்விட்டது. பித்தநாள வாயு கல்லீரலின் நடுப்பகுதியில் நிற்கும், இது ஓரத்துக்குப் போகும். கல்லீரலுக்கு முன்னால், வயிற்று உறைக்குக் கீழே, நகராத பளிச்சென்ற கோடும் அதன்கீழ் எதிரொலிக் கோடுகளும் தெரிந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். இவற்றில் எதுவானாலும் நள்ளிரவு என்று பார்க்காமல் போனை எடுக்க வேண்டும்.

தடித்த குடல் எல்லாம் ஒரே நோய் அல்ல

முழுப் பெருங்குடலும், இடது பக்கத்தோடு சேர்த்து, கனமாக வீங்கியிருந்தால் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலை முதலில் நினைக்க வேண்டும். மலத்தில் நச்சுப் பரிசோதனை அனுப்பாமல் ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது. எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவருக்குச் சிறுகுடல் நீளமாகத் தடித்திருந்தால் ஒட்டுத்திசு எதிர்ப்பு நோயும் (மாற்றிய மஜ்ஜையின் அணுக்கள் உடலைத் தாக்குவது), சைட்டோமெகலோ வைரஸும் பட்டியலில் சேரும். அங்கே மைக்ரோகுமிழி மருந்து ஏற்றிச் செய்யும் ஸ்கேன் கூடுதல் தகவல் தரும். அந்தக் குமிழியின் வாயு நுரையீரல் வழியாக வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. ரத்தப் புரதமான அல்புமின் மிகக் குறைந்தவருக்கும் குடல் சுவர் சற்று வீங்கித் தெரியும், ஆனால் அது எங்கும் ஒரே சீராக இருக்கும்.

நேர்மாறான படமும் ஒன்று உண்டு. குடல் உப்பி, அசைவே இல்லாமல் கிடக்கும், சுவரோ மெல்லிசு. வின்கிரிஸ்டின் போட்டவர் என்றால் நரம்பு பாதித்து குடல் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். கூடவே இட்ராகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து ஓடினால் வின்கிரிஸ்டின் உடலில் தேங்கி இது இன்னும் கடுமையாகும். ஸ்கேன் செய்பவருக்கு மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். சிறு குழந்தைக்குக் குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டால் குறுக்குவெட்டில் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும், அது தனி அவசரம்.

குடலைத் தாண்டி

அதே ஸ்கேனில் மற்ற உறுப்புகளையும் பார்த்துவிடலாம், சுருக்கமாகச் சொன்னால் போதும். பித்தப்பைச் சுவர் 3 மி.மீ.க்கு மேல், உள்ளே சேறு, புரோபை அங்கே வைத்தால் வலி என்றால் கல் இல்லாமலே வரும் பித்தப்பை அழற்சி. ஆனால் வயிற்றில் நீர் இருந்தாலோ அல்புமின் குறைந்தாலோ சுவர் சும்மாவே தடிக்கும். நாள்கணக்கில் வாய்வழி உணவில்லாதவருக்கும், செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் எடுப்பவருக்கும் சேறு தெரிவது வழக்கம்தான். ஆஸ்பராஜினேஸ் என்ற கீமோ மருந்து போட்டவருக்கு மேல்வயிறு வலித்தால் கணையம் சந்தேகம். அதில் ஸ்கேன் பலவீனமான சாட்சி, வாயு மறைத்துவிடும். ரத்தத்தில் கணைய நொதியான லைபேஸ் இயல்பின் மேல் எல்லையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறியதா என்பதுதான் முக்கியம். இனோட்டுசுமாப் அல்லது ஜெம்டுசுமாப் என்ற லுகேமியா மருந்து போட்ட பிறகு எடை கூடி, கல்லீரல் வீங்கி, வலித்தால் கல்லீரலின் நுண் ரத்தக்குழாய்கள் அடைபட்டிருக்கலாம், போர்ட்டல் ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று டாப்ளரில் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அடிக்கோடிட வேண்டும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் வரும் கேண்டிடா பூஞ்சைப் புள்ளிகள், வெள்ளணு குறைந்திருக்கும்போது தெரியாமல் இருந்து, எண்ணிக்கை ஏறிய பிறகே வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிய ஆரம்பிக்கலாம். எண்ணிக்கை சரியான பிறகும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால், பழைய நார்மல் ரிப்போர்ட்டைக் காட்டிச் சமாதானம் ஆகாமல் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டும்.

சி.டி.யோடு வைத்துப் பார்த்தால்

சி.டி.க்குப் போட்டியாக இதை நிறுத்துவது தவறு. சி.டி. முழு வயிற்றையும் காட்டும், வாயு அதற்குத் தடையில்லை, ஓட்டையையும் சீழ்க்கட்டியையும் நன்றாகச் சொல்லும், பார்ப்பவரின் கையை அவ்வளவாகச் சார்ந்திருக்காது. ஆனால் கதிர்வீச்சு உண்டு. ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்தும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் ஏற்கெனவே சிறுநீரகத்தை வாட்டும்போது கான்ட்ராஸ்ட் மருந்தும் சேரும். ரத்த அழுத்தம் தள்ளாடும் ஆளைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றையும்விட, இரண்டு நாளைக்கு ஒருமுறை சி.டி. எடுக்க முடியாது. தொடர்ந்து கண்காணிப்பதுதான் அல்ட்ராசவுண்டின் பலம். சிகிச்சை தொடங்கிய பிறகு சுவர் 9-லிருந்து 8, 8-லிருந்து 6 என்று இறங்குகிறதா, ஏறுகிறதா என்பது தெரிந்தால் ஆன்டிபயாட்டிக்கை மாற்றுவதா, வாய்வழி உணவைத் தொடங்கலாமா என்று முடிவெடுக்க முடியும். வலி குறைந்த பிறகும் சுவர் சில நாள் தடித்தே இருக்கும், அதை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம்.

கொலோனோஸ்கோப்பியும் பேரியம் எனிமாவும் இந்த நேரத்தில் வேண்டாம். வெள்ளணுவும் பிளேட்லெட்டும் அடிமட்டத்தில் இருக்கும்போது அவை ஓட்டை விழவும் ரத்தம் கசியவும் வழி செய்யும். போக்கை நிறுத்த லோபெரமைடு கொடுப்பதும் அப்படித்தான். குடல் அழற்சி இருக்கும்போது அது நிலைமையை மூடி மறைத்துக் குடலை உப்ப வைக்கும்.

இந்தச் சேவையின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பருத்த உடம்பில் லீனியர் புரோபின் அலை குடலைச் சென்றடையாது. குறுக்குகுடலிலும் சிக்மாய்டிலும் வாயு பாதியை மறைக்கும். செய்பவர் பழகாதவர் என்றால் தடித்த குடலை வெறும் வாயு என்று தாண்டிவிடுவார். எனவே நோயாளி மோசமாக இருந்து, ஸ்கேன் நார்மல் என்று வந்தால் ஸ்கேனை நம்பாதீர்கள், ஆளை நம்புங்கள், சி.டி.க்குப் போங்கள். 'பார்த்தேன், நார்மல்' என்பதும் 'பார்க்க முடியவில்லை' என்பதும் ரிப்போர்ட்டில் வெவ்வேறு வாக்கியங்களாக இருக்க வேண்டும். இதை ஒழுங்காக எழுதாத சேவைக்கு எங்கள் மதிப்பெண் பாதிக்கும் கீழே.

சுத்தம்

வெள்ளணு இல்லாதவரின் உடம்பில் வைக்கும் பொருள் இது. வார்டில் பெரிய ஜெல் பாட்டிலைத் திறந்து வைத்து, தீரத் தீர ஊற்றி நிரப்பும் பழக்கம் ஆபத்தானது. மாசுபட்ட ஜெல் வழியாக பர்கோல்டேரியா செபேசியா கிருமி பரவியது பலமுறை பதிவாகியிருக்கிறது. ஒருவருக்கு ஒன்று என்று கிருமிநீக்கிய சிறு பாக்கெட் ஜெல்தான் சரி. ஒவ்வொரு ஆளுக்கும் பிறகு முதலில் ஜெல்லை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும், பிறகுதான் கிருமிநாசினித் துடைப்பான். ஜெல் ஒட்டியிருந்தால் கிருமிநாசினி கீழே போகாது. அது காயும்வரை, லேபிளில் எழுதிய நிமிடம்வரை விட வேண்டும். எந்தத் துடைப்பான் என்பதை மெஷின் கையேட்டில் பார்த்து வாங்குங்கள், சில புரோபுகளின் முகப்பு ஆல்கஹாலில் கெட்டுவிடும். வயரையும் பிடியையும் துடைப்பதை எல்லோரும் மறக்கிறார்கள்.

சீட்டில் என்ன எழுதுவது

'வயிறு ஸ்கேன்' என்று எழுதினால் வயிறு ஸ்கேன்தான் கிடைக்கும். இப்படி எழுதுங்கள்: 'தீவிர மைலாய்டு லுகேமியா, கீமோ 12-ஆம் நாள், நியூட்ரோபில் 100, பிளேட்லெட் 15,000, வலது அடிவயிற்றில் வலி. லீனியர் புரோபில் குருட்டுக்குடல், சிறுகுடலின் கடைசிப் பகுதி, முழுப் பெருங்குடல் சுவர்த் தடிமன் மி.மீ.யில் தேவை. சுவரில் வாயு, நீர், டாப்ளர் குறிப்பிடவும்.' இந்த நான்கு வரி இருந்தால் ஸ்கேன் அறைக்காரர்களும் வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.

நோயாளியின் வீட்டார் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்று: 'டாக்டர், குடல் சுவர் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது?' எண்ணாகப் பதில் வந்தால் குடலைப் பார்த்திருக்கிறார்கள். அந்த எண்ணையும் தேதியையும் உங்கள் ஃபைலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை இந்தக் குடல் அழற்சி வந்தவருக்கு அடுத்த கீமோ சுற்றிலும் திரும்ப வரலாம். ஆகவே அடுத்த சுற்று தொடங்கும் முன், உடம்பு நன்றாக இருக்கும் நாளில், ஒரு ஸ்கேன் எடுத்து அன்றைய தடிமனைக் குறித்து வைப்பது நல்லது. பிறகு 11-ஆம் நாள் உப்புசம் வந்து மெஷினைக் கொண்டுவரும்போது, எதோடு ஒப்பிடுவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.